இடைக்கால இறையியலில் சிலுவையின் பொருள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார் என்று எல்லாத் திருச்சபைகளும் அறிக்கையிடுகின்றன. அந்த மரணம் எவ்வாறு மீட்பாகிறது என்று கேட்கும்போதுதான் விடைகள் பிரிகின்றன. மேற்கத்தியத் திருச்சபைகளில் இன்று பிரசங்கிக்கப்படும் விடைகளில் பெரும்பாலானவற்றின் வேர், கேன்டர்பரிப் பேராயர் ஆன்செல்ம் மீட்பு பற்றிய தம் நூலை முடித்த 1098-க்கும் பிரான்சிஸ்கன் இறையியலாளர் டன்ஸ் ஸ்கோட்டஸ் இறந்த 1308-க்கும் இடைப்பட்ட இருநூறு ஆண்டுகளில் இருக்கிறது. அக்காலத்து ஆசிரியர்கள் சொன்னதையும் சொல்லாததையும் பிரித்துப் பார்ப்பதே இந்த விடைகளின் நோக்கம்.

பிசாசுக்கு விலை கொடுக்கப்பட்டது என்று பழைய திருச்சபை உண்மையிலேயே போதித்ததா?

போதித்தவர்கள் இருந்தார்கள், மறுத்தவர்களும் அதே காலத்தில் இருந்தார்கள். மாற்கு 10:45-இல் மனுஷகுமாரன் "அநேகரை மீட்கும்பொருளாகத் தம்முடைய ஜீவனைக் கொடுக்கவும் வந்தார்" என்று வாசிக்கிறோம். மீட்கும்பொருள் கொடுக்கப்பட்டது என்றால் அதைப் பெற்றுக்கொண்டவர் யார் என்ற கேள்வி தானாகவே எழும். மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் அது பிசாசுக்குக் கொடுக்கப்பட்டது என்றார். நான்காம் நூற்றாண்டில் நிசாவின் கிரகோரி, கிறிஸ்துவின் மனித உடல் தூண்டிலில் குத்திய இரை என்றும், அதனுள் மறைந்திருந்த இறைத்தன்மை முள் என்றும், ஆசைப்பட்டு விழுங்கிய பிசாசு மாட்டிக்கொண்டான் என்றும் எழுதினார். அகுஸ்தீன் சிலுவையை எலிப்பொறி என்றார். நசியான்சின் கிரகோரிக்கோ இது அடியோடு பிடிக்கவில்லை. கொள்ளைக்காரனுக்குக் கடவுளையே விலையாகக் கொடுப்பதா என்று அவர் சீறினார்.

இந்த உருவகங்களை இன்று ஏளனம் செய்வது எளிது. ஆயினும் மனிதன் தன்னைத் தானே விடுவித்துக்கொள்ள முடியாத அடிமைத்தனத்தில் இருக்கிறான் என்பதையும், சிலுவை ஒரு வெற்றி என்பதையும் அவை மறக்கவிடவில்லை. 1930-இல் சுவீடன் நாட்டு லூத்தரன் இறையியலாளர் குஸ்தாஃப் அவுலேன் இந்தப் பழைய வெற்றிக் கோணத்தை மீண்டும் முன்னிறுத்தியபோது, அது பரவலான வரவேற்பைப் பெற்றதற்கு அதுவே காரணம்.

ஆன்செல்ம் எந்தச் சூழலில் எழுதினார்?

ஆன்செல்ம் 1033-இல், இன்றைய இத்தாலியின் வடமேற்கு மலைப்பகுதியான ஆவோஸ்தாவில் பிறந்தார். நார்மண்டியின் பெக் மடத்தில் துறவியாகி, பின்னர் அதன் தலைவராகி, 1093-இல் இங்கிலாந்தின் கேன்டர்பரிப் பேராயரானார். திருச்சபையின் உரிமைகள் பற்றி மன்னர் இரண்டாம் வில்லியமுடன் முரண்பட்டு 1097-இல் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. ‘கடவுள் ஏன் மனிதரானார்’ என்று பொருள்படும் ‘குர் தேயுஸ் ஹோமோ’ என்னும் நூலை இங்கிலாந்தில் தொடங்கிய அவர், 1098-இல் தென்னித்தாலியின் கப்புவாவுக்கு அருகிலுள்ள மலைக் கிராமமொன்றில் தங்கியிருந்தபோது முடித்தார்.

நூல் உரையாடல் வடிவில் உள்ளது. கேள்வி கேட்பவர் பெக் மடத்துத் துறவி போசோ. கடவுள் ஒரு பெண்ணின் வயிற்றில் பிறந்தார், பசித்தார், கள்வர்களுக்கு நடுவே தொங்கினார் என்பது கடவுளை இழிவுபடுத்துவதாகாதா என்று நம்பாதவர்கள் கேட்பதைத்தான் போசோ எடுத்துவைக்கிறார். இது கற்பனையான எதிர்ப்பு அன்று. ஆன்செல்மின் மாணவரும் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தின் தலைவருமான கில்பர்ட் கிரிஸ்பின், மைன்ஸ் நகரில் கல்வி கற்ற யூதர் ஒருவருடன் இதே பொருள் பற்றி விவாதித்ததை நூலாகவே எழுதி ஆன்செல்முக்கு அனுப்பியிருந்தார். எனவேதான் ஆன்செல்ம், கிறிஸ்துவைப் பற்றி எதுவுமே தெரியாதது போல ஒதுக்கி வைத்துவிட்டு, பகுத்தறிவை மட்டும் கொண்டு கடவுள் மனிதராக வேண்டிய தேவையை நிறுவ முயன்றார்.

அவருடைய வாதம் என்ன?

முதலில் பிசாசுக்கு மனிதர்மீது எந்த உரிமையும் கிடையாது என்று பழைய கோட்பாடு ஒதுக்கப்படுகிறது. திருடனும் அவனோடு ஓடிப்போன அடிமையும் ஒரே எசமானுக்கு உரியவர்கள். அவர்களில் ஒருவனிடமிருந்து மற்றவனை மீட்க விலை எதற்கு என்று போசோவே கேட்கிறார்.

அடுத்து, பாவம் என்பது கடவுளுக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்தாமல் இருப்பது. செலுத்த வேண்டியது பணமோ பொருளோ அன்று. தன் சித்தம் முழுவதையும் கடவுளுடைய சித்தத்துக்கு ஒப்புக்கொடுத்தல். பறித்ததைத் திருப்பித் தருவது மட்டும் போதாது, இழைத்த அவமதிப்புக்காக அதற்கு மேலும் ஏதாவது தர வேண்டும், அதுவே ஈடு. மனம் வருந்துகிறேன், நோன்பு இருக்கிறேன், கீழ்ப்படிகிறேன் என்று போசோ அடுக்கும்போது, பாவமே செய்யாதிருந்தாலும் இவையெல்லாம் நீ கடவுளுக்குத் தர வேண்டியவைதாமே என்று ஆன்செல்ம் அவரை மடக்குகிறார்.

தொடர்ந்து வரும் பகுதியே நூலின் நெஞ்சம். கடவுள் ‘பார்க்காதே’ என்கிற திசையில் ஒரு பார்வை பார்த்தால் உலகம் முழுவதையும் அழிவிலிருந்து காப்பாற்றலாம் என்றால், நீ பார்ப்பாயா? கூடாது என்று போசோ ஒப்புக்கொள்கிறார். அப்படியானால் மிகச் சிறியதாகத் தோன்றும் கீழ்ப்படியாமைகூட உலகத்தைவிடக் கனமானது. பாவத்தின் பாரம் எவ்வளவு என்பதை நீ இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை என்கிறார் ஆன்செல்ம். ஆகவே ஈட்டைத் தர வேண்டியவன் மனிதன். தர வல்லவர் கடவுள் மட்டுமே. இரண்டும் ஒருவரில் சேர வேண்டுமானால் அவர் கடவுளும் மனிதருமாக இருக்க வேண்டும். பாவமற்ற அவர் சாவுக்குக் கடன்பட்டவர் அல்லர். கடமையில்லாத ஒன்றை, தம் உயிரை, விருப்பத்தோடு தந்ததால் அது எல்லாக் கடனையும் விஞ்சிய கொடையாகிறது. அதற்கான கைம்மாறு தமக்குத் தேவைப்படாததால் அவர் அதைத் தம் உறவினராகிய மனிதருக்கே கொடுத்துவிடுகிறார்.

கடவுள் சும்மா மன்னித்திருக்கக் கூடாதா? மனிதர்களே அப்படி மன்னிக்கிறார்களே?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்கள் இக்காலத்தவர் அல்லர். போசோ இதையே கேட்கிறார். எங்களை மன்னிக்கச் சொல்கிற கடவுள் தாம் மட்டும் ஈடு கேட்பது முரண்பாடு இல்லையா என்கிறார். ஆன்செல்மின் விடையில் இரண்டு இழைகள் இருக்கின்றன. தவறு செய்தவனையும் செய்யாதவனையும் வேறுபாடின்றி நடத்தினால், தவறு எந்தச் சட்டத்துக்கும் உட்படாததாக ஆகிவிடும் என்பது ஒன்று. மற்றொன்றை அவர் ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறார். செல்வர் ஒருவரின் கையிலிருந்த விலைமதிப்பற்ற முத்தைப் பொறாமைக்காரன் சேற்றில் தட்டிவிடுகிறான். எடுத்தவர் அதைக் கழுவாமல் அப்படியே தம் பேழைக்குள் வைப்பாரா? தண்டனையை ரத்து செய்துவிட்டு மனிதனை அழுக்கோடு விட்டுவிடுவது மீட்பாகாது என்பதே அவர் சொல்ல வருவது.

என் மதிப்பீட்டில் இந்த இரண்டாவது இழைதான் வலுவானது. முதலாவது, கடவுளை ஒரு நீதிமன்றத்தின் விதிகளுக்குள் கட்டிவிடும் அபாயம் கொண்டது. பின்வந்த பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் அதைத் திருத்தினார்: பிறருக்கு எதிரான குற்றத்தை மன்னிக்க நீதிபதிக்கு உரிமை இல்லை, ஆனால் கடவுளுக்கு மேல் எவரும் இல்லாததால், ஈடு கேட்காமலே மன்னித்திருந்தாலும் அவர் நீதிக்கு எதிராகச் செய்தவராக மாட்டார். எனவே சிலுவை தவிர்க்க முடியாத கட்டாயம் அன்று, மிகப் பொருத்தமான வழி என்பது அக்குவினாஸின் முடிவு. விசுவாசிக்கு இது சிறிய திருத்தமாகத் தோன்றலாம்; ஆனால் கட்டாயத்தால் நடந்ததற்கு ஒருவர் நன்றி சொல்வது கடினம், தேர்ந்துகொண்டு செய்ததற்கு நன்றி சொல்லலாம்.

‘கடவுளின் மாண்பு’ என்று ஆன்செல்ம் பேசுவது நிலப்பிரபுக்களின் மானப் பிரச்சினையா?

பாடநூல்களில் இப்படி எழுதப்படுவது வழக்கம். பதினோராம் நூற்றாண்டில் ஒருவரின் தகுதிக்கு ஏற்ப அவமதிப்பின் கனம் கணக்கிடப்பட்டது என்பதும், அந்த மொழி நூலில் ஒலிக்கிறது என்பதும் உண்மையே. ஆனால் கடவுளின் மாண்பை யாராலும் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்று ஆன்செல்ம் வெளிப்படையாகவே எழுதுகிறார். மனிதன் கலைப்பது படைப்பின் ஒழுங்கையும் அழகையுமே. மானம் போனதென்று பழிவாங்கத் துடிக்கும் பிரபுவின் உருவத்தை இந்த நூலில் காண முடியாது. அந்த உருவம் வேறெங்கிருந்தோ வந்து இதன்மேல் ஒட்டிக்கொண்டது.

தந்தை மகனைத் தண்டித்தார் என்பதுதானே ஆன்செல்மின் போதனை?

இல்லை. இந்தப் பொருளில் மிகுதியாகக் குழப்பப்படும் இடம் இதுதான். ஆன்செல்மின் நூலில் திரும்பத் திரும்ப வரும் சூத்திரம் ‘ஒன்று ஈடு, அல்லது தண்டனை’ என்பது. அவை இரண்டும் மாற்று வழிகள். ஈடு செலுத்தப்பட்டால் தண்டனைக்கு இடமே இல்லை. கிறிஸ்து நமக்குரிய தண்டனையை ஏற்றுக்கொண்டார் என்று ஆன்செல்ம் வாதிடவில்லை. தண்டனையே தேவைப்படாதபடி ஒரு கொடையைத் தந்தார் என்றே வாதிட்டார். தந்தை மகனைச் சாகும்படி கட்டாயப்படுத்தினாரா என்று போசோ கேட்கும்போது, மகன் நீதியைக் கடைசிவரை கைவிடாமல் நின்றதால்தான் சாவு அவருக்கு நேர்ந்தது என்று பதில் வருகிறது.

பதினாறாம் நூற்றாண்டில் சீர்திருத்தவாதிகள் இந்த இரண்டையும் இணைத்தார்கள். "நமக்குச் சமாதானத்தை உண்டுபண்ணும் ஆக்கினை அவர்மேல் வந்தது" என்ற ஏசாயா 53:5-ஐ அடிப்படையாகக் கொண்டு, தண்டனையைச் சுமந்ததே ஈடு என்று அவர்கள் விளக்கினார்கள். சட்டம் பயின்றவரான ஜான் கால்வின், தம் பெருநூலின் 1559-ஆம் ஆண்டுப் பதிப்பில், குற்றவாளியின் இடத்தில் நீதிபதிக்கு முன் நிற்கும் கிறிஸ்துவை விரிவாக வரைகிறார். பெரிய வெள்ளியன்று நம் ஊர்ப் பிரசங்கங்களில் ‘பிதாவின் கோபம் குமாரன்மேல் கொட்டப்பட்டது’ என்று கேட்பது இந்த மரபின் எதிரொலி. அந்த மரபுக்கு வேதாகம ஆதாரம் உண்டா என்பது தனி விவாதம். அதை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் ஆன்செல்மைச் சாட்சிக் கூண்டில் ஏற்றக் கூடாது என்பது மட்டுமே இங்கே சொல்ல வேண்டியது. ஆன்செல்ம் தம் நூலின் இறுதிப் பகுதியில் கடவுளின் இரக்கத்தைப் பற்றி எழுதும்போது, தந்தை பாவியிடம் ‘என் ஒரே மகனை எடுத்து உனக்காகக் கொடு’ என்றும், மகன் ‘என்னை எடுத்து உன்னை மீட்டுக்கொள்’ என்றும் சொல்வதாக வைக்கிறார். அதில் கோபக்காரத் தந்தைக்கு இடமில்லை.

அபெலார்டு சிலுவையை வெறும் முன்மாதிரியாக்கிவிட்டாரா?

பீட்டர் அபெலார்டு (1079–1142) பாரிசில் தர்க்கம் கற்பித்துப் பெயர் பெற்றவர். உரோமையர் மடலுக்கு எழுதிய உரையில், மூன்றாம் அதிகாரத்தை அடைந்ததும் நிறுத்தி, ஒரு கேள்வியை நீளமாகக் கிளப்புகிறார். கிறிஸ்து சிலுவைக்கு முன்பே திமிர்வாதக்காரனுக்குப் பாவமன்னிப்பு அளித்தாரே. அப்படியிருக்க அவருடைய இரத்தம் எதற்குத் தேவைப்பட்டது? ஆதாமின் குற்றத்துக்கே அவ்வளவு பெரிய ஈடு வேண்டுமென்றால், கிறிஸ்துவைக் கொன்ற பெருங்குற்றத்துக்கு எதை ஈடாகத் தருவது? குற்றமற்ற ஒருவரின் இரத்தத்தை விலையாகக் கேட்பதும் அந்த மரணத்தில் மகிழ்வதும் எவ்வளவு கொடுமையானவை!

அவருடைய விடை சுருக்கமானது. கடவுள் நம் இயல்பை ஏற்று, சாகும்வரை நமக்குச் சொல்லாலும் செயலாலும் கற்பித்து, தம் அன்பால் நம்மைத் தம்மோடு பிணைத்தார். அந்த அன்பு நமக்குள் மூட்டும் அன்பே நம்மைப் பாவத்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுவித்துக் கடவுளின் பிள்ளைகளின் சுதந்திரத்தைத் தருகிறது.

கிளேர்வோ மடத்துத் தலைவர் பெர்னார்டுக்கு இது போதவில்லை. திருத்தந்தை இரண்டாம் இன்னொசென்டுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், அன்பின் எடுத்துக்காட்டும் தாழ்மையின் எடுத்துக்காட்டும் மீட்பு என்னும் அடித்தளம் இல்லாமல் நிற்கமாட்டா என்று அவர் வாதிட்டார். 1141-இல் சான்ஸ் நகரில் கூடிய ஆயர்கள் அபெலார்டின் கருத்துகளைக் கண்டித்தார்கள்; கிறிஸ்து நம்மைப் பிசாசின் நுகத்திலிருந்து விடுவிக்க மனிதரானார் என்பதை அவர் மறுக்கிறார் என்பதும் அந்தக் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. கண்டனத்துக்குப் பின் குளூனி மடத்தின் தலைவர் வணக்கத்துக்குரிய பீட்டர் அவருக்கு அடைக்கலம் தந்தார். ஆன்செல்ம் இறந்த ஏப்ரல் 21-ஆம் நாளிலேயே, 33 ஆண்டுகள் கழித்து அபெலார்டும் இறந்தார் என்பது இருவரையும் எதிரெதிரே நிறுத்தும் பாடநூல்கள் கவனிக்காத ஒரு தற்செயல்.

பெர்னார்டின் கவலை நியாயமானது. குற்றச்சாட்டு முழு நியாயமானதன்று. அதே உரையில் நான்காம் அதிகாரத்தின் கடைசி வசனத்துக்கு வரும்போது, நாம் செய்த பாவத்தின் தண்டனையைக் கிறிஸ்து சுமந்தார் என்று அபெலார்டே எழுதுகிறார். மேலும், எடுத்துக்காட்டைப் பார்த்து நாமாகவே திருந்திக்கொள்கிறோம் என்று அவர் சொல்லவில்லை. உரோமையர் 5:5-இல் வருவது போல, தூய ஆவியால் இதயங்களில் ஊற்றப்படும் அன்பையே அவர் கருதினார். ‘நல்ல மனிதர் ஒருவரின் தியாகம் நமக்கு வழிகாட்டுகிறது’ என்ற மேலோட்டமான கருத்தை அவர்மேல் ஏற்றியவர்கள் பிற்காலத்தவர்.

அக்குவினாஸ் புதிதாக என்ன சேர்த்தார்?

அவர் சேர்த்ததைவிட, பிறர் எதிரெதிராக நிறுத்தியவற்றை ஒன்றாக வைத்ததே பெரிது. தமது இறையியல் தொகுப்பின் மூன்றாம் பாகத்தில் 46 முதல் 49 வரையிலான கேள்விகள் கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றியவை. பாடுகள் நமக்கு மீட்பளிப்பது தகுதி ஈட்டியதாலா, ஈடு செய்ததாலா, பலியாக இருந்ததாலா, விலை கொடுத்து மீட்டதாலா என்று தனித்தனியாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆம் என்கிறார். சிலுவை பொருத்தமான வழியாக இருந்ததற்கு அவர் தரும் ஐந்து காரணங்களில் முதலாவது, கடவுள் தன்னை எவ்வளவு நேசிக்கிறார் என்று மனிதன் இதனால் அறிகிறான் என்பது. அதற்குச் சான்றாக அவர் காட்டுவது, "நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்ததினாலே, தேவன் நம்மேல் வைத்த தமது அன்பை விளங்கப்பண்ணுகிறார்" என்ற உரோமையர் 5:8. சான்ஸில் கண்டிக்கப்பட்டவரின் மையக் கருத்து, நூற்றைம்பது ஆண்டுகள்கூடக் கழியுமுன், திருச்சபையின் தலைசிறந்த ஆசிரியரின் பட்டியலில் முதலிடத்தில் வந்து அமர்ந்துவிட்டது.

ஈடு என்பதற்கு அவர் தரும் விளக்கமும் கவனிக்கத்தக்கது. புண்பட்டவர் அந்தக் குற்றத்தை எவ்வளவு வெறுத்தாரோ அதே அளவுக்கோ அதைவிட மிகுதியாகவோ விரும்பும் ஒன்றை அவருக்குத் தருவதே ஈடு. கிறிஸ்துவின் அன்பும் கீழ்ப்படிதலும் மனிதகுலத்தின் குற்றம் முழுவதையும்விடத் தந்தைக்கு விருப்பமானவை. அவரைக் கொன்றவர்களின் தீமையைவிட அவருடைய அன்பு பெரிது. அபெலார்டு எழுப்பிய ‘கொன்ற குற்றத்துக்கு எது ஈடு’ என்னும் கேள்விக்கு இதுவே விடையும் ஆகிறது. குற்றமற்ற ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகச் சாவுக்குக் கையளிப்பது கொடுமை என்பதை அக்குவினாஸ் ஒப்புக்கொள்கிறார். தந்தை மகனைக் கையளித்தார் என்பதன் பொருள், நமக்காகப் பாடுபடும் அன்பை அவருக்குள் ஊட்டினார் என்பதே என்று தெளிவுபடுத்துகிறார்.

ஒருவர் மற்றொருவருக்காக ஈடு செய்வது எப்படி நியாயம் என்பதற்கும் அவர் விடை தருகிறார். தலையும் உறுப்புகளும் சேர்ந்து ஒரே ஆள் போல, கிறிஸ்துவும் அவரைச் சார்ந்தோரும் ஒன்று. முன்பின் தெரியாத ஒருவர்மேல் பழியைத் தூக்கிப் போடுவது போன்ற காரியமன்று இது.

டன்ஸ் ஸ்கோட்டஸ் இதிலிருந்து எங்கே வேறுபடுகிறார்?

கிறிஸ்துவின் செயலுக்கு அதனளவிலேயே எல்லையற்ற மதிப்பு இருந்தது என்பதைவிட, கடவுள் அதை ஏற்றுக்கொண்டதே அதன் மதிப்பை நிர்ணயித்தது என்றார். ஆதாம் பாவம் செய்திராவிட்டாலும் கடவுள் மனிதராகியிருப்பார் என்பதும் அவர் கருத்து. பாவம் இல்லையென்றால் கிறிஸ்துவும் இல்லை என்று பேசிப் பழகியவர்கள் இதை ஒருமுறையாவது நின்று எண்ணிப் பார்க்கலாம்.

கிறிஸ்து எவ்வளவு வேதனைப்பட்டாரோ அவ்வளவுக்கு மீட்பு என்பது சரியா?

சிலுவைப்பாதைத் தியானங்களிலும் திரைப்படங்களிலும் சாட்டையடிகளை எண்ணிக் காட்டும் போக்கு இந்த எண்ணத்தை வளர்த்துவிட்டது. கிறிஸ்துவின் வேதனை மற்ற எல்லா வேதனைகளையும் விடப் பெரியது என்று அக்குவினாஸும் எழுதுகிறார்; ஆனால் மனிதகுலத்தை மீட்க அவருடைய மிகச் சிறிய துன்பமே போதுமானதாக இருந்திருக்கும் என்றும் அதே இடத்தில் எழுதுகிறார். 1343-இல் திருத்தந்தை ஆறாம் கிளமென்ட் தம் ஆணைமடலில் ஒரே ஒரு துளி இரத்தம் போதுமாயிருந்தது என்றார். மீட்பளித்தது அன்பும் கீழ்ப்படிதலுமே. வேதனை அவற்றின் ஆழத்தைக் காட்டியது.

அப்படியானால் பாவமன்னிப்புச் சீட்டுகளுக்கு இந்த இறையியல்தான் வழிவகுத்ததா?

ஓரளவுக்கு ஆம். அதே 1343-ஆம் ஆண்டு மடல், ஒரு துளி போதுமாயிருக்க ஆறாகப் பெருகிய இரத்தத்தின் மிகுதி வீணாகாமல் திருச்சபையிடம் கருவூலமாக ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்ற வாதத்தை நிறுவியது. உபரித் தகுதி என்ற சிந்தனை கணக்கேடாக மாறியபோது, அதை விநியோகிக்கும் அதிகாரமும் வந்தது, காசும் வந்தது. 1517-இல் மார்ட்டின் லூத்தர் எதிர்த்தது அந்த வியாபாரத்தைத்தான். ஆன்செல்மின் உரையாடலில் இதற்கான விதை இல்லை என்று சொல்ல முடியாது. கடன், மிகுதி, கைம்மாறு ஆகிய சொற்களால் மீட்பை விளக்குபவர் எவரும், அவை ஒருநாள் உண்மையான கணக்குப் பேரேட்டில் ஏறக்கூடும் என்பதை எதிர்பார்க்கத்தான் வேண்டும்.

சிலுவை பற்றிய இடைக்காலப் பேச்சு யூதர்களுக்கு எதிரான வன்முறையோடு தொடர்புடையதா?

தொடர்பை மறைப்பதற்கில்லை. ஆன்செல்ம் நூலை முடிப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1096-இல், முதல் சிலுவைப்போருக்குப் புறப்பட்ட கும்பல்கள் ஷ்பயர், வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களின் யூதர்களைத் தாக்கிக் கொன்றன. கிறிஸ்துவின் இரத்தத்துக்குப் பழிவாங்குவதாக அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். எல்லா மனிதரின் பாவத்துக்காகவும் அவர் மரித்தார் என்றால், அவருடைய சாவுக்குப் பொறுப்பு எல்லோர் பாவமும்தான் என்பது இந்த இறையியலின் நேரடி முடிவு. கும்பல்கள் அதைக் கேட்கவில்லை. கேட்கும்படி சொன்ன போதகர்களும் போதவில்லை. பாடுகளில் நிகழ்ந்தவற்றுக்கு அன்றிருந்த யூதர் அனைவர்மீதோ இன்றுள்ள யூதர்மீதோ பழி சுமத்தக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவிக்க 1965 வரை ஆயிற்று.

‘கிறிஸ்து சகித்தார், நீயும் சகித்துக்கொள்’ என்று அடிபடும் பெண்களுக்குச் சொல்லப்படுகிறதே?

1980-களிலிருந்து பெண்ணிய இறையியலாளர்கள் இந்தக் கேள்வியைக் கூர்மையாக எழுப்பி வருகிறார்கள். தந்தை கேட்டதால் மகன் துன்பத்தை ஏற்றார் என்ற சித்திரம், வீட்டுக்குள் நடக்கும் கொடுமைக்குப் புனித முலாம் பூசுகிறது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அது பல பிரசங்கங்களுக்குப் பொருந்தவே செய்கிறது.

ஆனால் மேலே கண்ட ஆசிரியர்களின் வாதம் அப்படிப்பட்ட அறிவுரைக்கு இடந்தரவில்லை. ஆன்செல்முக்கு, துன்பம் மதிப்புப் பெறுவது கடமையில்லாதவர் முழு விருப்பத்தோடு தரும்போது மட்டுமே. பயத்தாலும் வழியின்மையாலும் சகிக்கப்படும் அடி அந்த வகையில் சேராது. அக்குவினாஸுக்கு, விருப்பமில்லாத குற்றமற்றவரைத் துன்பத்துக்குக் கையளிப்பது கொடுமை. இருவருக்குமே ஈடு செய்ய வேண்டிய கடமை தவறிழைத்தவருடையது. மனைவியை அடிக்கும் கணவரை விட்டுவிட்டு மனைவியிடம் ஈட்டைக் கேட்கிற ஆலோசகர், இந்த இறையியலைத் தலைகீழாக்கிவிடுகிறார்.

நார்விச் நகரின் ஜூலியன் என்னும் பெண் தவசி 1373-இல் கண்ட காட்சிகளையும் இங்கே நினைக்கலாம். எசமானின் வேலையாக ஆவலோடு ஓடிய ஊழியன் பள்ளத்தில் விழுகிறான்; எசமான் அவனைப் பழிக்காமல் இரக்கத்தோடு பார்க்கிறார். அந்த ஊழியனில் ஆதாமையும் கிறிஸ்துவையும் சேர்த்தே கண்ட ஜூலியன், கடவுளிடத்தில் எவ்விதக் கோபத்தையும் தாம் காணவில்லை என்று எழுதினார்.

இவற்றுள் எதை ஒரு விசுவாசி ஏற்றுக்கொள்ள வேண்டும்?

‘நமக்காகவும் நம் மீட்புக்காகவும்’ அவர் இறங்கி வந்தார் என்று நிசேயா விசுவாச அறிக்கை சொல்கிறது. எப்படி என்பதை அது விவரிக்கவில்லை. ஏழு பழைய பொதுச்சங்கங்களுள் எதுவும் மீட்பு நிகழும் விதத்தைப் பற்றி ஒரே கோட்பாட்டை வரையறுக்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் 1547-இல் கிறிஸ்து நமக்காகத் தந்தைக்கு ஈடு செய்தார் என்ற மொழியைப் பயன்படுத்தியது; சீர்திருத்தச் சபைகள் பலவற்றின் அறிக்கைகளிலும் அது உண்டு. ஆகவே ஒன்றை மட்டும் தேர்ந்துகொண்டு மற்றவற்றைத் தள்ளுவதைவிட, அக்குவினாஸ் செய்ததைப் போல் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பதே நல்லது என்பது என் கருத்து. குற்ற உணர்வால் நொறுங்கியவருக்கு ஈடு ஏற்கெனவே தரப்பட்டுவிட்டது என்ற சொல் வேண்டும், அடிமைப்பட்டவருக்கு வெற்றி, உறைந்துபோன உள்ளத்துக்கு அன்பு.

கிறிஸ்து ஈடு செய்துவிட்டார் என்றால், நான் பிறருக்கு இழைத்த தீங்குக்கு நான் ஈடு செய்ய வேண்டியதில்லையா?

வேண்டும். கிறிஸ்துவின் ஈடு கடவுளுக்கு முன் நம்மை நிறுத்துகிறது. அயலாரிடமிருந்து எடுத்ததை நம் கையிலேயே விட்டுவைக்க அது அனுமதிப்பதில்லை. எடுத்ததைத் திருப்பித் தர முடிந்தும் தராதவருக்குப் பாவம் மன்னிக்கப்படுவதில்லை என்று அகுஸ்தீன் ஒரு கடிதத்தில் எழுதினார். அக்குவினாஸ் அதை மேற்கோள் காட்டி, திருப்பிக் கொடுத்தல் மீட்புக்கு இன்றியமையாதது என்று வாதிட்டார். லூக்கா 19-இல் சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்ன பிறகே, இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்ற சொல்லைக் கேட்கிறார்.

திருப்பித் தரவே முடியாதவையும் உண்டு. ஒருவரின் கையை வெட்டியவர் கையைத் திருப்பித் தர முடியாது. நற்பெயரைக் கெடுத்தவர் சொன்ன சொல்லை விழுங்க முடியாது. அக்குவினாஸ் இதையும் எடுத்துக்கொண்டு, சமமானதைத் தர முடியாதபோது முடிந்ததைத் தர வேண்டும் என்கிறார்: உறுப்பை இழந்தவருக்குப் பணமாகவோ மதிப்பாகவோ, இரு தரப்பாரின் நிலையையும் ஆராய்ந்து, நேர்மையான ஒருவர் தீர்மானிக்கும் அளவில். இந்த நேர்மையானவரின் தீர்மானத்தைத் தவறிழைத்தவர் தாமே எடுத்துக்கொள்ள முடியாது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆலயத்தில் மன்னிப்புப் பெற்றுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு பறித்த நிலத்தையும் நிறுத்திவைத்த கூலியையும் தம்மிடமே வைத்திருப்பவரிடம், எப்போது திருப்பித் தரப் போகிறீர்கள் என்று கேட்கும் கடமை ஒப்புரவு கேட்கும் குருவுக்கும் ஆயருக்கும் உண்டு.